வியர்வை நரம்புப் பரிசோதனை: போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

போன சித்திரையில் அப்பா மாடித் தொட்டியைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தபோது, பனியனின் மேல்பாதி பிழிந்தால் தண்ணீர் கொட்டும் அளவுக்கு நனைந்திருந்தது. இடுப்புக்குக் கீழே வேட்டி மொடமொடவென்று காய்ந்து கிடந்தது. காலைத் தொட்டால் வெயிலில் கிடந்த கல் மாதிரி சூடு. நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்ததும் கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். வயது 63, சுகர் வந்து 15 வருஷம். நரம்பு டாக்டர் பார்த்துவிட்டு, வியர்வையைக் கட்டுப்படுத்தும் நரம்புகளைச் சோதிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அதற்கப்புறம் நான்கு மாதம் மதுரைக்கும் வெளியூருக்குமாக அலைந்தோம். முதல் வியர்வை டெஸ்ட் முழுக்க வீணானது. காரணம் அப்பா தினமும் சாப்பிட்ட இரண்டு மாத்திரைகள், அதைப் பற்றி முன்கூட்டி எங்களிடம் யாரும் சரியாகக் கேட்கவில்லை.

உங்கள் வீட்டிலும் சுகர், பார்க்கின்சன், நின்றால் பிரஷர் இறங்குவது, கால் எரிச்சல் என்று ஏதோ ஒன்றுக்காக இதே மாதிரி சீட்டு எழுதியிருந்தால், அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து விஷயத்தில் கடைசி வார்த்தை உங்கள் டாக்டருடையதுதான்.

1. எந்த டெஸ்ட், எந்தக் கேள்விக்கு என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்

எங்கள் முதல் சீட்டில் "ஆட்டோனாமிக் டெஸ்ட்" என்று மட்டும் இருந்தது, அதாவது இதயத் துடிப்பு, பிரஷர், வியர்வை மாதிரி தானாக நடப்பவற்றைக் கவனிக்கும் தன்னியக்க நரம்புகளின் டெஸ்ட். அதை நீட்டிய இடத்தில், ஆழமாக மூச்சு விடச் சொல்லி இதயத் துடிப்பைப் பார்த்தார்கள், படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பிரஷர் பார்த்தார்கள், அவ்வளவுதான். அதுவும் தேவையான டெஸ்ட்தான், ஆனால் வியர்வை நரம்பைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

கொஞ்சம் உள்விவரம் தெரிந்திருந்தால் டாக்டரிடம் சரியாகக் கேட்கலாம். வியர்க்கச் சொல்லும் உத்தரவு மூளையில் ஹைபோதலாமஸ் பகுதியில் கிளம்புகிறது. தண்டுவடம் வழியாக இறங்கி, முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சில் கை மாறி, அங்கிருந்து மெல்லிய இழைகளாகத் தோலுக்குப் போய் வியர்வைச் சுரப்பியைத் தொடுகிறது. முடிச்சுக்கு மேலே கெட்டிருக்கிறதா, கீழே கெட்டிருக்கிறதா என்பதுதான் டாக்டருக்கு வேண்டிய பதில். சுகரால் கெடுவது பெரும்பாலும் கீழ்ப்பகுதி, அதுவும் பாதத்தில் ஆரம்பித்து மேலே ஏறும். எம்.எஸ்.ஏ. என்று சொல்லும் மூளை நோயில் மேல்பகுதிதான் முதலில் அடிபடும். அப்பாவுக்குச் சிறுநீர்த் தொந்தரவும் இருந்ததால் இந்த இரண்டில் எது என்ற சந்தேகம் டாக்டருக்கு இருந்திருக்கிறது. சீட்டில் அந்தச் சந்தேகம் எழுதப்படவே இல்லை.

நீங்கள் கேள்விப்படப் போகும் டெஸ்ட்கள் நான்கு.

எஸ்.எஸ்.ஆர். உள்ளங்கையிலும் பாதத்திலும் ஒட்டுப்பட்டை வைத்து, மணிக்கட்டில் சின்ன ஷாக் கொடுத்துத் தோலின் மின்மாற்றத்தைப் பார்ப்பது. நரம்பில் மின்செய்தி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கும் நரம்புக்கடத்தல் டெஸ்ட் எடுக்கும் அதே மெஷினில் எடுக்கலாம், அதனால் எளிதாகக் கிடைப்பது இதுதான். மூளையிலிருந்து தோல் வரை முழு வழியையும் ஒன்றாகப் பார்ப்பதால் கோளாறு எங்கே என்று பிரித்துச் சொல்லாது. அறுபது தாண்டியவர்களுக்குப் பாதத்தில் பதில் வராமல் போவது அந்த வயதிலேயே நடக்கக்கூடியது, அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம்.

சூடோஸ்கேன். இரண்டு தட்டுகளில் கையும் காலும் வைத்து இரண்டு மூன்று நிமிடம் நின்றால் போதும், வலியே கிடையாது. பாதத்தில் மின்கடத்தல் எண் 70க்கு மேல் இருந்தால் நல்லது, 50க்குக் கீழே இருந்தால் பாதிப்பு அதிகம் என்று அச்சடித்துத் தருவார்கள். சுகர் மருத்துவமனைகளில் பார்க்கலாம். முதல் வடிகட்டலுக்குச் சரி. ஆனால் இதை எவ்வளவு நம்பலாம் என்பதில் டாக்டர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை, இதை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் வைக்க விடாதீர்கள்.

கியூசார்ட். கடைசிப் பகுதி நரம்பை நேரடியாகச் சோதிப்பது. அசிடைல்கோலின் என்ற மருந்தை லேசான மின்சாரத்தால் தோலுக்குள் செலுத்தி, பக்கத்தில் ஊறும் வியர்வையை மைக்ரோலிட்டர் கணக்கில் அளப்பார்கள். முன்கை, முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கணுக்காலுக்கு மேலே, பாதத்தின் மேல்புறம் என்று வழக்கமாக நான்கு இடம்.

டி.எஸ்.டி. உடம்பு முழுக்க நிறம் மாறும் பொடி தூவி, சூடான அறையில் படுக்க வைத்து, எங்கே வியர்க்கிறது எங்கே வியர்க்கவில்லை என்று போட்டோ எடுப்பது. முழு வழியையும் சோதிப்பதோடு வரைபடமும் தரும்.

கடைசி இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எங்கள் கேள்விக்குப் பதில். டி.எஸ்.டி.யில் காய்ந்து தெரிந்த இடம் கியூசார்ட்டில் நன்றாக வியர்த்தால், கீழ்நரம்பு உயிரோடு இருக்கிறது, கோளாறு மேலே. இரண்டிலும் காய்ந்திருந்தால் கோளாறு கீழ்நரம்பிலோ சுரப்பியிலோ. ஆகவே சீட்டில் டெஸ்ட் பெயரோடு "முடிச்சுக்கு மேலா கீழா" என்ற கேள்வியையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரிக்காக நான் மறுபடி ஓ.பி. வரிசையில் அரை நாள் நின்றேன்.

இன்னொன்று. உடம்பில் ஓரிரு இடத்தில் மட்டும் நிறம் மங்கி, உணர்ச்சி இல்லாமல், வியர்க்காமல் இருந்தால் இந்தப் பட்டியலுக்கே வர வேண்டாம். முதலில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொழுநோய்க்குப் பார்த்துவிடுங்கள். தொழுநோய் என்று உறுதியானால் மருந்து இலவசம், முழுக்கக் குணமாகும் நோய்.

2. கிளம்பும் முன் போனில் கேளுங்கள்

கியூசார்ட்டும் டி.எஸ்.டி.யும் எல்லா ஊரிலும் கிடைக்காது. பெங்களூரு நிம்ஹான்ஸ், டெல்லி எய்ம்ஸ், புதுச்சேரி ஜிப்மர் ஆகிய இடங்களில் தன்னியக்க நரம்புக்கென்றே ஆய்வகம் உண்டு. ஆனால் ஆய்வகம் இருப்பதும், நீங்கள் போகும் வாரத்தில் உங்களுக்கு வேண்டிய வியர்வை டெஸ்ட் நடப்பதும் ஒன்றல்ல. வரவேற்பில் கேட்டால் "எல்லாம் இருக்கு, வாங்க" என்றுதான் பதில் வரும், எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. ஆய்வகத்து டெக்னீஷியனிடமே இணைப்பு கேளுங்கள். கேட்க வேண்டியவை: கியூசார்ட் இப்போது நடக்கிறதா, மெஷின் ஓடுகிறதா? டி.எஸ்.டி. எடுக்கிறீர்களா? எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு? வெளி டாக்டர் சீட்டு போதுமா, உங்கள் டாக்டரிடம் முதலில் ஓ.பி. பார்க்க வேண்டுமா? எந்தெந்த மாத்திரையை எத்தனை நாள் நிறுத்த வேண்டும்? ரிப்போர்ட் அன்றே கிடைக்குமா?

ஓ.பி. பார்த்தால்தான் டெஸ்ட் என்றால் பயணம் இரண்டாகும். முதல் நாள் பதிவு, வேறொரு நாள் டெஸ்ட். அதைத் தெரிந்துகொண்டு டிக்கெட் போடுங்கள்.

3. ஃபைலில் என்ன இருக்க வேண்டும்

சீட்டு, ஆதார் நகல், பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, சமீபத்திய ஹெச்பிஏ1சி, கிரியேட்டினின், தைராய்டு, பி12 ரிப்போர்ட், ஈ.சி.ஜி., நரம்புக்கடத்தல் டெஸ்ட் எடுத்திருந்தால் அது, மூளை ஸ்கேன் எடுத்திருந்தால் சிடியோடு. நின்றும் படுத்தும் ஒரு வாரம் வீட்டில் எடுத்த பிரஷர் குறிப்பு இருந்தால் ரொம்ப உதவும்.

யாரும் கேட்காத, ஆனால் எங்களுக்கு எல்லாவற்றையும் விட உதவிய ஒன்று போட்டோ. மாலை நடந்து வந்ததும் அப்பாவின் பனியனை முன்னும் பின்னும் போனில் எடுத்தோம், எது வரை நனைந்திருக்கிறது என்று கோடு போட்ட மாதிரி தெரிந்தது. சாப்பிடும்போது நெற்றியும் தலையும் மட்டும் கொட்டுவதையும் வீடியோ எடுத்தேன். சுகர் நரம்புப் பாதிப்பில் அப்படிச் சாப்பாட்டு வியர்வை வருவதுண்டு என்று டாக்டர் அதைப் பார்த்த பிறகுதான் சொன்னார். வாயால் விவரித்து மாதக்கணக்கில் புரியாதது அரை நிமிட வீடியோவில் புரிந்தது.

4. மருந்துப் பட்டியல்: டெஸ்ட் வீணாவது இங்கேதான்

வியர்வைச் சுரப்பிக்கு நரம்பு அனுப்பும் செய்தி அசிடைல்கோலின். அந்த அசிடைல்கோலினைத் தடுக்கும் மாத்திரை உடம்பில் இருந்தால் நரம்பு நன்றாக இருந்தாலும் வியர்க்காது, ரிப்போர்ட்டில் "பதில் இல்லை" என்று வரும். அப்படித் தடுக்கும் மாத்திரைகள் நம் வீடுகளில் சர்வ சாதாரணமாகக் கிடக்கின்றன, அதுவும் யாருக்கு இந்த டெஸ்ட் தேவையோ அவர்களிடமே.

கால் எரிச்சலுக்கு இரவில் கொடுக்கும் அமிட்ரிப்டிலின். அடிக்கடி சிறுநீர் போவதற்குக் கொடுக்கும் ஆக்ஸிபியூட்டினின், சாலிஃபெனாசின். பார்க்கின்சன் நடுக்கத்துக்குக் கொடுக்கும் டிரைஹெக்ஸிஃபெனிடில். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் ஏவில், சி.பி.எம்., சளி சிரப்புகள். வயிற்று இழுப்புக்குக் கொடுக்கும் டைசைக்ளோமின். வேறு வழியில் வியர்வையைக் குறைக்கும் டோபிராமேட், சோனிசமைட் என்ற வலிப்பு மாத்திரைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இதில் டோபிராமேட் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுப்பது.

அப்பா சாப்பிட்டது அமிட்ரிப்டிலினும் சாலிஃபெனாசினும். எங்களிடம் கொடுத்த தாளில் "48 மணி நேரம் முன்பு நிறுத்தவும்" என்று பொதுவாக அச்சடித்திருந்தார்கள், நாங்கள் அப்படியே நிறுத்தினோம். நான்கு இடத்திலும் வியர்வை இல்லை. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து வீட்டில் எல்லோரும் கலங்கிவிட்டோம், அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை. இரண்டாவது டாக்டர்தான் மருந்துச்சீட்டைப் பார்த்துச் சொன்னார்: சாலிஃபெனாசின் பாதி வெளியேறவே 45 முதல் 68 மணி நேரம் ஆகும், முழுக்கப் போக அதைப் போல் ஐந்து மடங்கு, அதாவது ஏறக்குறைய இரண்டு வாரம். சளி மாத்திரைக்கு 48 மணி நேரம் போதலாம், இதற்குப் போதாது.

ஆகவே செய்ய வேண்டியது: டெஸ்ட் தேதிக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பே எல்லா மாத்திரையையும், சொட்டு மருந்து, தோல் ஒட்டுப்பட்டை, நாட்டு மருந்து, கடையில் வாங்கியது உட்பட, பெயர், அளவு, வேளை என்று ஒரே தாளில் எழுதுங்கள். எழுதிய டாக்டரிடம் எடுத்துப் போய், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "நிறுத்தலாம், இத்தனை நாள்" அல்லது "நிறுத்தக் கூடாது" என்று அவர் கையால் எழுதி வாங்குங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். அமிட்ரிப்டிலினைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், டிரைஹெக்ஸிஃபெனிடிலைச் சட்டென்று விட்டால் உடம்பு இறுகிப் போகலாம், வலிப்பு மாத்திரையை நிறுத்தினால் வலிப்பே வரலாம். நிறுத்த முடியாத மருந்து இருந்தால் அதோடே டெஸ்ட் எடுத்து, ரிப்போர்ட்டில் அதைக் குறிக்கச் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரை, பிரஷரை ஏற்றக் கொடுக்கும் மிடோட்ரின் மாதிரியானவை வியர்வையை விடப் பிரஷர் பகுதி டெஸ்டைத்தான் பாதிக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. முந்தின நாளும் அன்று காலையும்

முந்தின நாள் கடுமையான உடற்பயிற்சி வேண்டாம், மது வேண்டாம். அன்று காலை காபி, டீ, பீடி, சிகரெட் கிடையாது. குளித்துவிட்டு எண்ணெய், கிரீம், பவுடர் எதுவும் கை காலில் படக் கூடாது. அப்பாவுக்குப் பாதம் வெடித்திருந்ததால் அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார், அதைத் துடைத்து எடுக்கவே அரை மணி நேரம் ஆனது. இறுக்கமான காலுறை போடுபவர்கள் அன்று விட்டுவிடுங்கள்.

சுகர் இருப்பவர்கள் வெறும் வயிற்றில் போகலாமா என்று கேளுங்கள், லேசான சாப்பாடு போதும் என்பார்கள். சுகர் இறங்கினால் அதுவே வியர்க்க வைத்துக் குழப்பும், ஆபத்தும் கூட. குளுக்கோமீட்டர், குளுக்கோஸ் பாக்கெட், இன்சுலின் எல்லாம் பையில் இருக்கட்டும். தண்ணீர் நன்றாகக் குடித்திருக்க வேண்டும். காய்ச்சல் இருந்தால் தேதியைத் தள்ளிப் போடுங்கள்.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள், அயோடின் ஒவ்வாமை உள்ளவர்கள், டெஸ்ட் செய்யும் இடத்தில் புண்ணோ வீக்கமோ உள்ளவர்கள் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

6. டெஸ்ட் அறைக்குள்

எஸ்.எஸ்.ஆர். என்றால் குளிர்தான் எதிரி. ஏ.சி. அறையில் பாதம் சில்லிட்டிருந்தால் பதில் தாமதமாகும், வராமலும் போகும். தோல் 32 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். போர்வை கேட்டு வாங்கிக் காலை மூடி வையுங்கள், கூச்சப்பட வேண்டாம். ஷாக்கை விடாமல் அடுத்தடுத்துக் கொடுத்தால் உடம்பு பழகிப் பதில் மங்கிவிடும், இடைவெளி விட்டு எதிர்பாராத நேரத்தில் கொடுக்க வேண்டும். நோயாளி தூங்கிவிடக் கூடாது.

கியூசார்ட்டில் தோலை ஸ்பிரிட்டால் துடைத்து, சின்னக் கிண்ணம் மாதிரி ஒன்றை வாரால் கட்டுவார்கள். 2 மில்லியாம்ப் மின்சாரம் ஐந்து நிமிடம், அப்புறம் இன்னும் ஐந்து நிமிடம் பதிவு. எரியும். கட்டெறும்பு கடித்துக்கொண்டே இருப்பது மாதிரி என்று அப்பா சொன்னார். இதை முன்கூட்டிச் சொல்லி வைத்திருந்தால் வயதானவர்கள் பதறிக் காலை இழுக்க மாட்டார்கள், இழுத்தால் கிண்ணம் கசிந்து அந்த இடத்தை மறுபடி எடுக்க வேண்டும். சிவந்த வட்டம் கொஞ்ச நேரம் இருந்து மறையும். தயார் செய்வதையும் சேர்த்து ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

டி.எஸ்.டி. என்றால் பழைய துண்டு, லுங்கி, மாற்று உடை கட்டாயம். பொடி அலிசாரின் என்றால் வியர்த்த இடம் ஊதாவாகும், அயோடினும் மாவும் என்றால் கருநீலமாகும், இரண்டுமே துணியில் கறை பிடிக்கும். அறை 45 முதல் 50 டிகிரி, உடம்புச் சூடு ஒரு டிகிரியாவது ஏறி 38ஐத் தொடும் வரை வைத்திருப்பார்கள், அதிகபட்சம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். உடம்பு முழுக்கக் காட்ட வேண்டியிருப்பதால், பெண்களாக இருந்தால் பெண் டெக்னீஷியன் இருப்பாரா, எடுத்த போட்டோ யாரிடம் இருக்கும் என்று முன்பே கேளுங்கள். மூடிய அறையென்றால் பயப்படுபவர்கள், இதய நோயாளிகள் டாக்டரிடம் பேசாமல் இதற்குள் போக வேண்டாம். முடிந்ததும் சட்டென்று எழ விடாதீர்கள், நின்றால் பிரஷர் இறங்கும் ஆட்கள் சூட்டுக்குப் பின் இன்னும் வேகமாக விழுவார்கள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து நடக்க விடுங்கள்.

7. செலவு

இடத்துக்கு இடம் மாறும், ஆகவே எங்கள் கணக்கை ஒரு மாதிரியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சூடோஸ்கேன் 1,200 ரூபாய். நரம்புக்கடத்தலோடு சேர்த்து எஸ்.எஸ்.ஆர். 3,200. ஆய்வகத்தில் முழுத் தன்னியக்க டெஸ்ட் தொகுப்பு 4,500, அதை இரண்டு முறை கட்டினோம். ரயில், அறை, ஆட்டோ, சாப்பாடு என்று இரண்டு பேருக்கு ஆனது டெஸ்ட் செலவை விட அதிகம்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. "அட்மிட் ஆகிவிட்டால் கிளெய்ம் கிடைக்கும்" என்று சிலர் யோசனை சொல்வார்கள். பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆவதை இந்திய மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகள் வழக்கமாகவே விலக்கி வைத்திருக்கின்றன, பாலிசியின் விலக்குப் பட்டியலில் பாருங்கள். கிளெய்ம் நிராகரிக்கப்பட்டு அறை வாடகையும் உங்கள் தலையில் விழும். புறநோயாளிச் செலவுக்கும் சேர்த்துப் பாலிசி எடுத்திருந்தால் மட்டும் முயற்சி செய்யுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பவர்கள் இந்த டெஸ்ட் அதில் வருமா என்று மருத்துவமனைக் காப்பீட்டு கவுன்ட்டரில் பணம் கட்டும் முன் கேட்க வேண்டும், கட்டிய பின் கேட்டுப் பயனில்லை.

8. ரிப்போர்ட்டை வாங்கும்போதே சரிபாருங்கள்

"நார்மல்", "அப்நார்மல்" என்ற ஒரு வரியோடு வெளியே வந்துவிடாதீர்கள். கியூசார்ட் என்றால் நான்கு இடத்துக்கும் தனித்தனி அளவும், அந்த வயதுக்கும் ஆண் பெண்ணுக்கும் இயல்பான அளவும் இருக்க வேண்டும். டி.எஸ்.டி. என்றால் உடம்புப் படமும், எத்தனை சதவீதம் வியர்க்கவில்லை என்பதும், உடம்புச் சூடு எவ்வளவு ஏறியது என்பதும். எஸ்.எஸ்.ஆர். என்றால் அலைவரைபடமும் தோல் வெப்பமும். எந்த மருந்தை எத்தனை நாள் நிறுத்தியிருந்தீர்கள் என்பது எல்லாவற்றிலும் இருக்க வேண்டும். எங்கள் முதல் ரிப்போர்ட்டில் அந்த வரி மட்டும் இருந்திருந்தால் பார்த்த டாக்டர் அன்றே சந்தேகப்பட்டிருப்பார்.

இரண்டாவது முறை, அமிட்ரிப்டிலினைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி, சாலிஃபெனாசினை இரண்டு வாரம் விட்டு எடுத்ததில், முன்கையில் நல்ல வியர்வை, முழங்காலுக்குக் கீழே குறைவு, கணுக்காலிலும் பாதத்திலும் கிட்டத்தட்ட இல்லை. அந்த ஆய்வகத்தில் டி.எஸ்.டி. எடுக்கவில்லை, ஆனால் நீளமான நரம்பு முதலில் கெடும் இந்தச் சுகர் வரிசையையும் பனியன் போட்டோவையும் பிரஷர் குறிப்புகளையும் மூளை ஸ்கேனையும் சேர்த்து வைத்துப் பார்த்துத்தான் டாக்டர் எம்.எஸ்.ஏ.வை ஒதுக்கினார். டெஸ்ட் முடிந்த அன்றே பழைய மாத்திரைகளைத் திரும்ப ஆரம்பிக்கலாமா என்று கேட்க மறந்துவிடாதீர்கள், அப்பா மூன்று இரவு கால் எரிச்சலில் தூங்காமல் கிடந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. இப்போது சாலிஃபெனாசினுக்குப் பதிலாக வியர்வையைத் தடுக்காத வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை மாடிக்குப் போவதில்லை, வெளியே போனால் நனைத்த துண்டு ஒன்று பையில் இருக்கும், காலில் அதைத்தான் சுற்றிக்கொள்கிறார்.